நட்பு சேரிக்கு வந்ததா?



1910இல் எடின்பர்க் மிஷன் மாநாட்டில் வி. எஸ். அசரியா வெள்ளை மிஷனரிகளிடம் கேட்டது ஒன்றுதான்: உங்கள் தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்களாக இருங்கள். 1919இல் தரங்கம்பாடியில் அவரும் மற்றவர்களும் கூடித் தொடங்கிய ஐக்கியப் பேச்சு 28 ஆண்டுகள் நடந்தது. பேராயர் பதவி எப்படிப்பட்டது, யார் கைவைத்த குருப்பட்டம் செல்லும் என்பதே பெரிய வழக்கு. 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபையார் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள்.

பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனா நான் கேட்கிறேன்: சேரியில் கை நனைப்பதும், சேரியோடு சம்பந்தம் வைப்பதும் ஏன் ஐக்கியத்துக்கு நிபந்தனை ஆகவில்லை? இன்னமும் சாதி பார்த்துத்தானே கல்யாணம் நடக்குது, சபைத் தேர்தலும் நடக்குது. கத்தோலிக்கர் மட்டும் என்ன? திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே சுவர் எழுப்பினார்கள். செத்தவனுக்கும் தீட்டு!

ஜனவரி தோறும் ஐக்கிய ஜெபவாரம் வருது. ஆயர்கள் கைகோத்து நிற்கிறார்கள். அந்தக் கைகள் சேர்ந்து சாதிக் கல்லறைச் சுவர் ஒன்றையாவது இடிக்கட்டும். அன்றைக்கு அசரியா வெள்ளையரிடம் கேட்ட நட்பைத்தான் இன்றைக்கு உங்களிடம் நாங்கள் கேட்கிறோம். கெஞ்சிக் கேட்கவில்லை, உரிமையோடு கேட்கிறோம்.