128-க்கு அடுத்தது 27

1, 2, 4, 8, 16, 32, 64, 128. அடுத்தது? பள்ளிப் பையன்கூட 256 என்பான். ஆனால் ஏ.இ.எஸ். என்ற சங்கேத முறையில் அடுத்தது 27, பிறகு 54. பெல்ஜியத்தின் யோன் டாமன், வின்சென்ட் ரைமன் உருவாக்கி, அமெரிக்க அரசு 2001ல் தரமாக ஏற்ற முறை இது. ஒரு சாவியிலிருந்து துணைச் சாவிகள் தயாரிக்க இந்த எண்கள் உதவுகின்றன. எட்டு பிட்டுக்குள் 256 அடங்காது என்பதால் தனிக் கணக்குப்படி அது 27 ஆகிறது.

சாஃப்ட்வேர் எழுதுபவர் அந்த 27ஐத் தவறவிட்டால் உடனே எதுவும் கெடுவதில்லை. சிக்கலே அதுதான். பூட்டுவதும் திறப்பதும் அதே தப்பான எண்ணால் நடப்பதால் சொந்தச் சோதனையில் எல்லாம் சரியாக வரும். கணக்கைத் தானே செய்யும் சிப் கொண்ட ஸ்மார்ட் கார்டிடம் போகும்போதுதான் குப்பை வெளிவரும். முதல் பழி கார்டின் மேல்! இன்னொரு கூத்து: 128 பிட் சாவிக்குத்தான் பத்து எண்களும் தேவை, 256 பிட் சாவிக்கு முதல் ஏழு போதும். பெரிய சாவி திறக்கும், சின்னது திறக்காது.

தரத்தின் பிற்சேர்க்கையிலேயே மாதிரி விடைகள் உள்ளன. ஒத்துப் பார்க்காதது சோம்பேறித்தனம் தவிர வேறில்லை.

திருத்துவதும் லேசல்ல, எண்ணைச் சரிசெய்ததும் பழைய ஃபைல்கள் திறக்காது. லிப்ஜிகிரிப்ட் என்ற சாஃப்ட்வேர் தொகுப்பில், வேர்ல்பூல் முறையில் இருந்த ஒரு பிழை (இது எண் பிழையல்ல, செய்முறைப் பிழை) 2013ல் திருத்தப்பட்டது. அதை நம்பிப் பூட்டிய பழைய டிஸ்க்குகள் திறக்க மறுத்தன. 2014ல் வந்த அடுத்த பதிப்பில், பழைய தவறை அப்படியே செய்யும் வசதியும் சேர்க்கப்பட்டது.