நடுவே நிற்க வேண்டியவர் யார்?

விம்கோ நகரிலோ எண்ணூரிலோ ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் தெருவே மகிழ்கிறது, மகிழ வேண்டியதுதான். ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே அப்பிள்ளையின் நெஞ்சில் வேறொரு கவலை குடியேறுகிறது. எத்தனை ஆய்வுக் கட்டுரைகளில் தன் பெயர் வரும்? எந்தப் பெரிய மருத்துவர் தன்னைச் சேர்த்துக்கொள்வார்? அறுவை மருத்துவத்தின் உயர் பிரிவுகளை நாடுவோரிடம் இக்கவலை இன்னும் மிகுதி. ஆராய்ச்சியைத் தேடுவது குற்றமன்று; வழிகாட்டியைத் தேடுவதும் குற்றமன்று. நோயாளியை மறந்துவிட்டு இவ்விரண்டையும் தேடுவதே குற்றம் என்கிறோம்.

எடுத்துக்காட்டுக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்ற நிறுவனம் இராயபுரத்துப் பக்கம், பழைய ஜெயில் சாலையில்தான் இருக்கிறது. ஆலையும் பட்டறையும் நிறைந்த வடசென்னையில், இயந்திரத்தில் சிக்கிய கைகள் அங்கே வந்து சேர்ந்தன. டாக்டர் ஆர். வெங்கடசாமி அக்கைகளையே தம் ஆய்வுக் களமாகக் கொண்டார். 1980-இல் அவரும் டாக்டர் என். சுப்பிரமணியனும் எழுதிய கட்டுரை, சாய்வாக அறுபட்ட விரல் நுனியைச் சீராக்கும் முறையைச் சொல்கிறது. அதே விரலின் பக்கத்திலிருந்து முக்கோண வடிவில் தோலைப் பிரித்து, அதற்குரிய இரத்தக் குழாயும் நரம்பும் அறுபடாமல் நுனிக்கு நகர்த்துவதே அம்முறை. காயம் மூடுகிறது, தொடு உணர்வும் நிலைக்கிறது. உணர்வற்ற விரலால் திருகாணியைப் பிடிக்க இயலுமா? தொழிலாளியின் பிழைப்பை அறிந்தவரே இதைக் கேட்பார். அம்முறை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

வழிகாட்டி எப்படி இருத்தல் வேண்டும் என்பதற்கு வேலூர் சான்று. 1946-இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியவர். 1954-இல் விபத்தொன்றில் கால்கள் செயலிழந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அந்த அறுவையைச் செய்ய முடியும் என்று நம்பி, ஊக்கி, கற்பித்தவர் அவரே.

இன்றைய நிலை என்ன? பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதியின் நிழலில், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகிவிட்டன. மாணவர் இரவெல்லாம் கண்விழித்துத் திரட்டியதன் மேல், அதை ஒருநாளும் பாராத ஆசிரியரின் பெயர் ஏறுவதும் உண்டு. இதை வழிகாட்டல் என்பதா, வரி வசூல் என்பதா?

“எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சிஎச். என 11½ ஆண்டுகள் ஓட வேண்டிய பிள்ளைக்குக் கட்டுரை வேண்டாமா?” எனப் பெற்றோர் கேட்கலாம். வேண்டும், ஆனால் உண்மையான கட்டுரை வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் தொடங்கிய திட்டத்தில், மாணவர் ஓர் ஆசிரியரின் கீழ் இரண்டு மாதம் ஆய்வு செய்ய வழியுண்டு. விரல் நசுங்கியவர் எத்தனை மணி நேரம் கழித்து மருத்துவமனை சேர்ந்தார், தேறியபின் பழைய வேலைக்குத் திரும்பினாரா, இல்லையேல் ஏன் என்று கேட்டு எழுத இரண்டு மாதம் போதாதா? அந்த விடைகள் நம் தெருக்களிலேயே கிடக்கின்றன.

சூம்பிய கையுடையவரை ஆண்டவர் தொழுகைக்கூடத்தின் மூலையில் வைத்துக் குணப்படுத்தவில்லை. எழுப்பி நடுவே நிறுத்தினார். நம் பிள்ளைகளின் ஆய்விலும் நடுவிடம் அவருக்கே உரியது. ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் ஓரத்தில் நின்றால் போதும்.