நரையும் வேடமும்

கரிகாற்சோழனிடம் வழக்குரைக்க வந்த முதியோர், அரசன் மிக இளையன் எனக் கண்டு, இவன் நீதி வழங்க வல்லனோ என ஐயுற்றனராம். அதனை உணர்ந்த அரசன் நரைமுடி அணிந்து முதியவன் கோலத்தில் வந்தமர்ந்து, வந்தவர் மனங்கொள்ளுமாறு வழக்கைத் தீர்த்தான் எனப் பழமொழி நானூறு கூறும். நரையைப் புனைந்து ஒரு பணிக்குத் தகுதி பெற்ற முதல் தமிழன் அவனே எனலாம். நம் பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரோ, ஆண்டுகள் பல கடந்தும் நரை தோன்றாமை எங்ஙனம் என வினவப்பட்டவர். மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊரிலுள்ள சான்றோர் என அவர் அடுக்கிய காரணங்களைப் புறநானூற்றில் காணலாம். இன்று அவரை எதிர்ப்படுவோர் எந்த நிறுவனத்துச் சாயம் என்றுதான் கேட்பர்.

நம் துறை மாணவர் சிலர் நாடகப் பயிற்சிக்கிடையே எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்கு வித்து. நடிகர் ஒருவர்க்கு வாய்ப்பு அமைவதில் தலைமுடியின் நிறத்திற்குப் பங்குண்டா என்பது அவ்வினா. மேலைநாடுகளில் பொன்னிறக் கூந்தலா கருநிறக் கூந்தலா என்று இதனைப் பேசுவர். நம் நாட்டில் அவ்வேறுபாட்டிற்கு இடமில்லை. கருமை, வெண்மை என்னும் இரண்டே நம் கேள்வி. ஆயினும் அவ்விரண்டிற்குள் பலருடைய பிழைப்பு அடங்கியுள்ளது என்பதை மாணவர் உணர்தல் நலம்.

பங்குண்டு என்பதே நம் கருத்து. ஆனால் எல்லாத் தலைகளுக்கும் அது ஒரே வகையாக அமைவதில்லை.

ஆண் நடிகர்க்கு நரை என்பது வேண்டும்போது அணிந்து வேண்டாதபோது களையும் ஆடை போன்றது. சிவாஜி கணேசன் நாற்பதை எட்டுமுன்னரே 'மோட்டார் சுந்தரம் பிள்ளை'யில் (1966) பெருங்குடும்பத் தந்தையாக நடித்தார். 'வியட்நாம் வீடு' (1970) படத்தில் ஓய்வு பெறும் முதியவராக விளங்கினார். அதன் பின்னரும் பல்லாண்டுகள் காதலனாகவே ஆடிப் பாடினார். கமல்ஹாசன் 'நாயகன்' (1987), 'இந்தியன்' (1996) ஆகிய படங்களில் முதுமை பூண்டது அவர் புகழை உயர்த்தியதேயன்றி, இளைஞர் வேடத்தை அவரிடமிருந்து பறித்துவிடவில்லை. 2011-இல் 'மங்காத்தா' வந்தபோது அஜித்குமார்க்கு வயது 40. நரைத்த தலையோடே அவர் நாயகனாகத் தோன்ற, படமும் வென்றது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருந்த இளைஞர் சிலர் அந்த நரைக்கு ஏங்கிய வேடிக்கையையும் நாம் கண்டோம். 2016-இல் 'கபாலி'யில் ரஜினிகாந்த் நரைத்த தாடியுடன் நடித்தார். திரைக்கு வெளியே, மேடைகளில் அவர் வழுக்கையும் நரையுமாகத் தோன்றுவதும் பல்லாண்டு வழக்கம். அதனால் அவர் வாய்ப்பு குன்றியதாக எவரும் சொல்லார்.

பெண்பாலார் நிலை யாது? 1975-இல் வெளிவந்த 'அபூர்வ ராகங்கள்' ரஜினிகாந்தின் முதற்படம். அதில் ஸ்ரீவித்யாவின் கணவராக அவர் வந்தார். 1991-இல் 'தளபதி' வெளிவந்தபோது அதே ஸ்ரீவித்யா அதே ரஜினிகாந்துக்குத் தாய். ரஜினிகாந்த் பிறந்தது 1950. ஸ்ரீவித்யா பிறந்தது 1953. மகனினும் தாய் இளையவர்! சுஜாதாவும் இவ்வாறே 'அவர்கள்' (1977) படத்தில் ரஜினிகாந்தின் மனைவியாகவும், 'பாபா'வில் (2002) அன்னையாகவும் நடித்தார். இடைப்பட்ட ஆண்டுகள் இருவர்க்கும் ஒரே அளவினவாகத்தானே கழிந்தன? ஒருவர் தலையில் மட்டும் அவை எங்ஙனம் இருமடங்காக ஏறின?

இன்னுமொரு சான்று நமக்கு அண்மையிலேயே உள்ளது. 'நாயகன்' படத்தில் கமல்ஹாசனுக்கு இணையாக அறிமுகமான சரண்யா, 2010 டிசம்பரில் வந்த 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் தேனிப் பகுதிச் சிற்றூர்த் தாயாக நடித்துத் தேசிய விருது பெற்றார். வைகைக் கரை மக்கள் தம் வீட்டுத் தாயைக் கண்டதுபோல் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். அதே டிசம்பரில் கமல்ஹாசன் நடித்த 'மன்மதன் அம்பு' திரைக்கு வந்தது. அதில் நாயகி திரிஷா. 'நாயகன்' வந்த ஆண்டில் திரிஷாவுக்கு வயது நான்கு. இதில் நடிகர் எவரையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. தாய் வேடம் தாழ்ந்தது என்பதும் நம் கருத்தன்று. சரண்யாவின் அந்நடிப்பு நாயகியர் பலர்க்கு வாய்க்காத பேறு. ஒருவழிப் பாதையாக அது அமைந்திருப்பதே நம் குறை. தலையில் ஒருமுறை வெண்பொடி தூவிக்கொண்ட பெண், மறுபடி அதனைக் கழுவிவிட்டு வந்தாலும் கதவு திறப்பதில்லை.

நரையே வாய்ப்பளித்த நிகழ்வுகள் இல்லையா என்று மாணவர் கேட்பர். உண்டு. பழைய நாடக நடிகர் சொக்கலிங்க பாகவதர்க்குப் பாலு மகேந்திராவின் 'வீடு' படமும், அதனைத் தொடர்ந்து 'சந்தியா ராகம்' படமும் கிடைத்தது முதுமையிலேதான். மதுரைச் சேவற்சண்டையைக் கருவாகக் கொண்ட 'ஆடுகளம்' (2011) படத்தில் பேட்டைக்காரராக நடித்த ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் அறுபதைக் கடந்த பின் திரையில் புகழ் பெற்றவர். அவருடைய வெண்தாடியே அப்பாத்திரத்திற்குப் பாதி உயிர். உசிலம்பட்டி வட்டாரத்து முதிய உழவர் நல்லாண்டி, 'கடைசி விவசாயி'யின் (2022) தலைமைப் பாத்திரம் ஏற்றார். படம் திரைக்கு வருமுன்னரே அவர் மறைந்தார். பின்னர்த் தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டு அவர் பெயர்க்குக் கிட்டியது. பெண்பாலாரில் நம் பரவை முனியம்மா, நாட்டுப்புறப் பாடகியாக நெடுநாள் பாடியபின், 'தூள்' (2003) படத்தால் ஊரறிந்த முகமானார். இவர்களைப் போற்றுகிறோம். ஆயினும் இவர்கள் யாவரும் முதியவராகவே அழைக்கப்பெற்றவர் என்பது நோக்கற்பாலது. நடுவயதினரின் இடர் வேறு. அவர் இளையரும் அல்லர், கிழவரும் அல்லர்.

அவ்விடரை நாம் நேரில் கண்டது திரையுலகில் அன்று. நம் ஊர் நாடக மேடையில். மதுரை நாடகக்காரர்களின் ஊர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இங்கேதான். அந்நாளைய பாலர் சபைகளில் சிறுவர்க்கு அச்சமூட்டியது நரையன்று, குரலுடைவு. இன்றும் சுற்றுவட்டச் சிற்றூர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் சுவாமிகளின் 'வள்ளி திருமண'மே பெருவழக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கம் அத்தகைய நாடகம் ஒன்றைக் காண மாணவர் நால்வருடன் சென்றிருந்தோம். ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஒப்பனை நடந்துகொண்டிருந்தது. ராஜபார்ட் ஐம்பதைக் கடந்தவர். முந்தைய நாள் 'டை' அடித்த தலையில் கிருதா மட்டும் வெளுத்துத் தெரிய, அதனைக் கரிய பென்சிலால் தடவி மறைத்தார். பின்னிரவில் விருத்தர் வேடத்திற்கென வெண்ணிற டோப்பாவும் தாடியும் அருகில் காத்திருந்தன. சொந்த நரையை மறைத்து வாடகை நரையைச் சூடும் இவ்விந்தையைக் கண்டு மாணவர் நகைத்தனர். அவரும் உடன் நகைத்தார்.

வள்ளியாக வரும் அம்மையார் நகைக்கவில்லை. நாற்பதைத் தாண்டியவர். நெற்றியோரம் முடி எழும் இடத்தில் சாயம் ஒவ்வாது தோல் சிவந்து தடித்திருந்தது. கருஞ்சாயங்கள் பலவற்றிலுள்ள பாராபினைலீன்டைஅமீன் என்னும் பொருள் சிலர்க்கு இத்தகைய ஒவ்வாமையைத் தரும்; ஒருமுறை தந்தால் அடுத்தடுத்த முறை கடுமையாகும். விட்டுவிடலாகாதா என வினவினோம்.

"ராசபார்ட்டுக்கு வயசானா நாரதர் கட்டலாம்ங்கய்யா. வள்ளிக்கு வயசானா என்ன வேசம் இருக்கு? நீங்களே சொல்லுங்க."

சந்திரமதி இல்லையா, அவள் ஒரு பிள்ளைக்குத் தாயன்றோ என்றோம், தமிழாசிரியர்க்குரிய அவசரத்தோடு.

"வருசத்துக்கு எத்தன ஊருல அரிச்சந்திரா போடுறாக?"

விடை எம்மிடம் இல்லை.

நம் பெரியோர் பலர் தாடிக்கு மருதாணி இடுவர். செந்தாடி கண்டு அவரை இளைஞர் என்று எவரும் மயங்குவதில்லை. அது அழகுக்கு இட்ட நிறம், வயதை மறைக்க இட்டதன்று. அவ்வம்மையாரின் சாயம் அத்தகைய விருப்பத்தால் வந்ததன்று. வயிற்றுக்காக வந்தது. ஆகவே 'பொய்க்கோலம்' என்று நடிகையரை எள்ளுவோர் முதலில் தம்மையே வினவிக்கொள்ளல் தகும். நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள் முடிதிருத்தகம் சென்று கருந்தலையராய்த் திரும்பியோர் ஆசிரியருள்ளும் உளர். (யார் எனக் கேட்கற்க.)

இம்மலரைப் படிக்கும் பெரியோருள் ஊர் விழாக்குழுக்களுக்கு நெருங்கியவர் பலர் உண்டு. நாடகத்திற்கு முன்பணம் கொடுக்குமுன் 'வள்ளிக்கு என்ன வயது' என்று கேட்பதை அவர்கள் நிறுத்தச் சொல்லலாம். 'பாட்டு எப்படி, தர்க்கம் எப்படி' என்று கேட்கச் சொல்லலாம். ஆண்டுக்கொரு முறையேனும் அரிச்சந்திராவையோ நல்லதங்காளையோ வேண்டலாம். இவற்றால் ஊர்க்குச் செலவு ஒரு ரூபாயும் கூடாது. நம் துறையின் நாடகப் போட்டியிலும், தாய் வேடம் என்றதும் மாணவர் தலையில் முகப்பவுடரைக் கொட்டும் வழக்கத்தை இவ்வாண்டு முதல் விலக்குமாறு கேட்டுள்ளோம்.

அன்றிரவு நாரதரோடு அவ்வம்மையார் நிகழ்த்திய தர்க்கம் ஒன்றரை மணி நேரம் நீண்டது. வாய்திறந்து உறங்கிய சிறார் தவிர எவரும் எழவில்லை. விடிந்தபின் பந்தலருகே ஒட்டியிருந்த நோட்டீசில் அவர் படத்தைக் கண்டோம். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படமாதல் வேண்டும்.