சிறு மின்திட்டமும் சிறு மீனும்

தென்மேற்கு ஈரவலய ஓடைகளில் வாழும் 'லிப்ஸ்டிக் கோபி' விரல் நீளமே உள்ள உளுவை. இலங்கைக்கே உரியது. 1972இல் விவரிக்கப்பட்டபோது, சுழியோடி ரொட்னி யொங்லாஸின் பெயர் அதன் விஞ்ஞானப் பெயரில் சேர்ந்தது.

இவ்வகை உளுவைகளின் குஞ்சுகள் ஓடையில் பொரித்துக் கடலுக்குப் போகும். வளர்ந்தபின் திரும்பி, வயிற்றுத் துடுப்புகள் இணைந்த உறிஞ்சியால் பாறையைப் பற்றி மேலேறும். அருவியே ஏறும் மீனுக்குத் தடுப்பணை ஒரு பொருட்டா என்று கேட்கலாம். ஏறுவதற்குப் பாறை நனைந்திருக்க வேண்டுமே! 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட நீர்மின் திட்டங்கள் தண்ணீரைக் குழாய்க்குத் திருப்பும்போது, அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடை வற்றிப்போகிறது. கீழே வரும் குஞ்சும் அதே குழாய்க்குள்தான் இழுபடும்.

'சிறு' என்பது மின்சாரத்தின் அளவு. ஓடைக்கோ அது முழுத் தண்ணீர். ஓடைக்கென விட வேண்டிய நீர் கோடை மாதங்களில் உண்மையில் விடப்படுகிறதா, அதை அளப்பது யார்?