நரைத்த தலைக்கும் ‘பாய்’ பட்டமா?

ஆங்கில அகராதியைப் புரட்டினால் ‘பாய்’ என்பதற்குச் சிறுவன் என்று பொருள் கிடைக்கும். மீசை அரும்பாத பிள்ளைக்குரிய அந்தச் சொல்லால் பேரன் பேத்தி கண்ட பெரியவரை அழைத்தார்களே, அது எந்த அகராதி தந்த பொருள்?

அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளை விடலைக்கு ‘சார்’. கருப்புக் கிழவருக்கு ‘பாய்’! 1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. சொல் ஒழிந்ததா? சங்கிலி அறுந்தது, சாட்டை நாவிலே தங்கிற்று.

1968-இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏந்திய அட்டைகளில் பொறித்த வாசகம், ‘நான் மனிதன்’. கூலி கேட்டவர்கள் இதையும் ஏன் கேட்டனர்? ‘பாய்’ என்றே அழைக்கப்பட்ட ஆண்மக்களின் மறுமொழி அது!

வெறும் சொல்தானே என்பார் உண்டு. அடைமொழியின்றித் தனித்து நின்றாலும் அச்சொல் இனவெறிக்குச் சான்றாகலாம். இடம், தொனி, வழக்கம், வரலாறு ஆகியவற்றால் பொருள் துணியப்படும் என்று 2006-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே உரைத்துவிட்டது.

தோழர்களே! ஐம்பது வயதுத் தொழிலாளியை ‘ஆபீஸ் பாய்’, ‘ரூம் பாய்’ என்று நாமும் அழைக்கிறோமே, இது மட்டும் நாகரிகமா? அவருக்கும் பெயருண்டு. அதைச் சொல்லி அழைப்போம்; மரியாதையோடு அழைப்போம்!