வெளிநாட்டில் விமானி வேலை: பறக்குமுன் சில கேள்விகள்

தேக்கா சந்தையிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் ரேஸ் கோர்ஸ் சாலை வந்துவிடும். வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மீன்தலைக் கறிக்கும் பெயர்பெற்ற சாலை அது. அங்குச் சாப்பிடச் செல்வோரில் பலர், சாலையின் பெயருக்குக் காரணமான குதிரைப் பந்தயத் திடலை நினைத்துப் பார்ப்பதில்லை. ஃபேரர் பார்க் பகுதியில் இருந்த அந்தத் திடலில்தான் 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் விமானம் வானில் எழும்பியது. அதை ஓட்டியவர் ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டவர். 1919ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களின் விமானமும் அதே திடலில் தரையிறங்கியது. திடல் மிகச் சிறியது. ஆகவே, விமானம் விரைவில் நிற்பதற்காக அவர்களுடன் வந்த பொறிவினைஞர் ஒருவர், பறந்துகொண்டிருந்த விமானத்தின் வால்பகுதிக்கு ஊர்ந்து சென்று தம் எடையைக் கொடுத்தார்.

சிங்கப்பூரின் வானத்தில் முதலில் பறந்தவர்கள் வெளிநாட்டவர்கள் என்பதை இந்த நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. இன்று நிலைமை மாறிவிட்டது. இங்குப் பிறந்து வளர்ந்த இளையர்கள், "வெளிநாட்டு விமான நிறுவனத்தில் விமானியாகச் சேர முடியுமா?" என்று கேட்கிறார்கள். இக்கேள்விக்குக் குடும்பங்களில் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. "சம்பளம் அதிகம், தயங்காமல் போகலாம்" என்பது ஒன்று. "சாங்கி விமான நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அயல்நாட்டுக்கு ஏன் போக வேண்டும்?" என்பது மற்றொன்று. இரண்டு பதில்களிலும் பாதி உண்மைதான் உள்ளது. வெளிநாட்டில் விமானியாகப் பணிபுரிவது நல்ல இலக்கு. ஆனால், அது முதல் படியாக இருக்கக்கூடாது. சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடிய வேலையும் அதுவன்று.

முதலில், விமானிக்கு வேண்டிய தகுதிகளை அறிந்துகொள்வது நல்லது. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி, வணிக விமானி உரிமம் பெற ஒருவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுவாக 200 மணி நேரம் பறந்த அனுபவமும் வேண்டும். பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாவதற்கு இன்னும் உயர்ந்த உரிமம் தேவை. அதற்கு 21 வயதும் 1,500 மணி நேரப் பறக்கும் அனுபவமும் வேண்டும். அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனிப் பயிற்சி உண்டு. ஏர்பஸ் 320 விமானத்தை ஓட்டுபவர் மறுநாளே போயிங் 777 விமானத்தின் இருக்கையில் அமர்ந்துவிட முடியாது. மேலும், ஒரு நாட்டில் பெற்ற உரிமம் மற்றொரு நாட்டில் தானாகச் செல்லுபடியாகாது. சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் போல ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அமைப்பு உள்ளது. அந்த அமைப்பு உரிமத்தைச் சரிபார்த்து, தேவையானால் தேர்வு வைத்து, அதன் பிறகே அனுமதி தரும்.

இங்கேதான் பல இளையர்களின் கணக்கு தவறிவிடுகிறது. 200 மணி நேர அனுபவத்துடன் உரிமம் பெற்றவுடன் வெளிநாட்டு நிறுவனங்கள் கதவைத் திறந்து காத்திருக்கும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஒரு நிறுவனம் வேற்று நாட்டவரை வேலைக்கு எடுக்கும்போது விசா, தங்குமிடம், உரிமச் சரிபார்ப்பு எனப் பல செலவுகளை ஏற்கிறது. புதியவர்களை அதன் சொந்த நாட்டிலேயே தேடிக்கொள்ளலாம். ஆகவே, வெளியிலிருந்து அது பெரும்பாலும் தேடுவது அனுபவத்தைத்தான். துபாய், தோஹா போன்ற நகரங்களைத் தளமாகக் கொண்ட நிறுவனங்கள் உலகெங்குமிருந்து விமானிகளை எடுக்கின்றன. ஆயினும், பயணிகள் விமானத்தைப் பல ஆண்டுகள் ஓட்டியவருக்கே அங்கு வாய்ப்பு அதிகம். எனவே, வெளிநாட்டுக்குச் செல்லும் வழி பெரும்பாலும் உள்நாட்டில்தான் தொடங்குகிறது. செலத்தாரில் இயங்கிவரும் சிங்கப்பூர் இளையர் பறக்கும் மன்றமும் உள்ளூர் நிறுவனங்களின் பயிற்சி விமானித் திட்டங்களும் அந்த வழியின் முதல் படிகள்.

இரண்டாவது தகுதி மொழி. விமானியின் கையில் இருக்கும் கருவிகளைப் போலவே அவர் வாயிலிருந்து வரும் சொற்களும் பயணிகளின் உயிரைக் காக்கின்றன. 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன. அதில் 583 பேர் உயிரிழந்தனர். பனிமூட்டம் ஒரு காரணம். ஆனால், பனிமூட்டம் மட்டுமே காரணமன்று. ஒரு விமானத்திலிருந்து வந்த தெளிவற்ற சொற்றொடரைக் கட்டுப்பாட்டு நிலையம் ஒருவிதமாகப் புரிந்துகொண்டது. விமானியோ வேறுவிதமாக எண்ணியிருந்தார். ஒரே நேரத்தில் இரு குரல்கள் வானொலியில் எழுந்ததால் முக்கியமான செய்தியும் தெளிவாகக் கேட்கவில்லை. பிற்காலத்தில் அனைத்துலக விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. ஆறு நிலைகளைக் கொண்ட அத்தேர்வில் குறைந்தது நான்காம் நிலையையாவது எட்ட வேண்டும். நான்காம் நிலையில் இருப்பவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் தேர்வு எழுத வேண்டும்.

அத்தேர்வில் ஆடம்பரமான ஆங்கிலம் சோதிக்கப்படுவதில்லை. கேட்பவருக்குச் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கவனிக்கும் பழக்கமும், புரியாதபோது கூச்சமின்றி மீண்டும் கேட்கும் துணிவும்தான் முக்கியம். வீட்டில் தாத்தா பாட்டியிடம் தமிழிலும் பள்ளியில் நண்பர்களிடம் ஆங்கிலத்திலும் பேசி வளரும் மாணவர்களுக்கு இந்தப் பழக்கம் இளமையிலேயே வாய்க்கிறது. ஒரு கருத்தை மற்றொரு மொழியில் சொல்லும்போது அது எங்கே மாறிப்போகக்கூடும் என்று அவர்களுக்குத் தெரியும். பல நாட்டவர் ஒன்றாக அமர்ந்து ஓட்டும் விமானத்தில் இந்த அறிவு பெரிய பலம்.

மூன்றாவது தகுதி நேர்மை. விமானி தாம் பறந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் தம் பதிவேட்டில் எழுதி வைக்கிறார். வெளிநாட்டு நிறுவனம் அவரை நேரில் அறியாது. அந்தப் பதிவேட்டையும் உரிமத்தையும் நம்பியே வேலை கொடுக்கிறது. அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2020ஆம் ஆண்டு உலகம் கண்டது. பாகிஸ்தானில் 262 விமானிகளின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்று அந்நாட்டு அமைச்சரே நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதன் பிறகு அந்நாட்டின் தேசிய விமான நிறுவனம் ஐரோப்பாவுக்குப் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. வியட்நாம் போன்ற நாடுகளில் பணிபுரிந்த பாகிஸ்தானிய விமானிகள் பறப்பதிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டனர். நேர்மையாகப் படித்துத் தேர்ச்சி பெற்றவர்களும் அந்த நடவடிக்கைக்குத் தப்பவில்லை. வெளிநாட்டில் பணிபுரியும் விமானியின் உரிமத்தில் அவருடைய நாட்டின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. ஒருவர் குறுக்கு வழியில் சென்றால் பலர் வேலை இழக்க நேரிடும்.

தகுதிகள் எல்லாம் இருந்தாலும் ஓர் ஆபத்து மீதமிருக்கிறது. வெளிநாட்டு வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. நல்ல காலத்தில் அதன் சம்பளம் கண்ணுக்குத் தெரியும். கெட்ட காலத்தில்தான் அதன் பலவீனம் தெரியும். 2020ஆம் ஆண்டு கொவிட்-19 கிருமிப்பரவலால் எல்லைகள் மூடப்பட்டன. உள்நாட்டு விமானச் சேவையே இல்லாத சிங்கப்பூரைப் போன்ற இடங்கள் மிகவும் பாதிக்கப்பட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் அந்த ஆண்டு செப்டம்பர் மாதம் ஏறத்தாழ 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அடுத்த மாதம் ஹாங்காங்கின் கேத்தே டிராகன் நிறுவனம் மூடப்பட்டது. அத்தகைய நேரத்தில் வேலை இழக்கும் வெளிநாட்டு விமானியின் துன்பம் இரு மடங்கு. அவருடைய விசா வேலையோடு இணைந்திருக்கும். வேலை போனால் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கி, குறுகிய காலத்துக்குள் நாட்டை விட்டே புறப்பட வேண்டியிருக்கும்.

அப்படியானால் உள்நாட்டிலேயே இருப்பதுதான் பாதுகாப்பா? அப்படியும் சொல்லிவிட முடியாது. சென்னை உட்பட இந்தியாவின் பல நகரங்களுக்குப் பறந்துவந்த ஜெட் ஏர்வேஸ் நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதியுடன் தன் சேவையை நிறுத்தியது. பல மாதச் சம்பளம் கிடைக்காத விமானிகள் வேறு நிறுவனங்களைத் தேடிச் சென்றனர். அவர்களில் சிலருக்கு வெளிநாட்டு வேலைதான் கைகொடுத்தது. ஆகவே, பாதுகாப்பு என்பது நாட்டை மட்டும் பொறுத்ததன்று. நிறுவனத்தின் நிதிநிலையும், விமானி தம்மை எவ்வளவு தயார்படுத்திக்கொண்டார் என்பதும் அதைத் தீர்மானிக்கின்றன.

"பயிற்சி கொடுத்த நாட்டை விட்டுச் செல்வது நன்றி மறந்த செயல் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு விமானியை உருவாக்க நிறுவனம் பெரும் பணத்தைச் செலவிடுகிறது. அதற்கு ஈடாக, பயிற்சி பெற்றவர் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கேயே பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றுவது விமானியின் கடமை. 2023ஆம் ஆண்டு இந்தியாவின் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் விலகினர். விமானச் சேவைகள் ரத்தாகி, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அதனால் ஏமாற்றமடைந்தவர்கள், பயணச்சீட்டு வாங்கி வைத்திருந்த சாதாரணப் பயணிகள். அதே வேளையில், வாக்களித்த ஆண்டுகளை முடித்தவர் புதிய இடம் தேடிச் செல்வதை நன்றி மறத்தல் என்று சொல்வது நியாயமாகாது. 1947ஆம் ஆண்டு காலாங் விமான நிலையத்திலிருந்து மலாயன் ஏர்வேஸ் தன் சேவையைத் தொடங்கிய காலத்தில், வெளிநாட்டு விமானிகளை நம்பியே இப்பகுதியின் விமானத் துறை வளர்ந்தது. பிறருடைய திறனைப் பெற்று வளர்ந்த நகரம், தன் பிள்ளைகளின் திறன் பிறருக்குப் பயன்படும்போது வருந்த வேண்டியதில்லை.

குடும்பத்தையும் மறந்துவிடக்கூடாது. சிராங்கூன் சாலை தீபாவளி விளக்குகளால் ஒளிரும் மாதத்தில், அயல்நாட்டில் பணிபுரியும் விமானி வேறொரு நகரத்தின் தங்கும் விடுதியில் தனியாக இருக்கலாம். பெற்றோர் நோயுற்றால் அடுத்த பேருந்தில் ஏறி வந்துவிட முடியாது. இரவும் பகலும் மாறி மாறிப் பறப்பதால் உடல் களைக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து இவற்றைப் பேசிவிடுவது நல்லது. சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசி எடுத்த முடிவு, முதல் தீபாவளியிலேயே கசந்துவிடக்கூடும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியவர்கள். விமானியாக விரும்பும் இளையர் ஆழம் பார்க்கச் சில எளிய வழிகள் உள்ளன. பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன், விமானிகளுக்குரிய முதல்நிலை மருத்துவச் சோதனையைச் செய்துகொள்ளலாம். கண்பார்வையிலோ இதயத்திலோ உள்ள குறை பிறகு தெரியவந்தால், கடன் மட்டுமே மிஞ்சும். வேறொரு துறையிலும் பட்டயமோ பட்டமோ பெற்று வைக்கலாம். விமானங்கள் தரையில் நிற்கும் காலத்தில் அது சோறு போடும். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படிக்கலாம். குறிப்பாக, வேலையை விட்டு நீக்கினால் எத்தனை நாள் அவகாசம், தாய்நாடு திரும்பும் செலவு யாருடையது, பயிற்சிச் செலவை யார் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், அந்த இளையரைத் தடுக்க வேண்டியதில்லை. உள்நாட்டில் உழைத்து அனுபவம் பெற்று, கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, கணக்குப் பார்த்துப் புறப்படுபவர் எந்த நாட்டு விமானத்திலும் தலைநிமிர்ந்து அமரலாம். அவருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் முந்நூறு பயணிகளுக்கு அவர் எந்த நாட்டவர் என்று தெரியாது. நல்ல விமானி ஒருவர் முன்னால் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் கண்ணயர்கிறார்கள்.