விட்டுப்போன ஒரு வாரம்

என் பேத்திக்குப் பதினேழு வயது. கையில் இருக்கிற செல்போனில் பதினோரு தொடர்கதைகள் படிக்கிறாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள், ஒவ்வொரு வேளையில் வருகிறது. புது அத்தியாயம் வந்துவிட்டால் போன் "டிங்" என்கிறது. சாப்பிடும்போது ஒரு டிங். தலை பின்னிக் கொள்ளும்போது ஒரு டிங். சென்ற வெள்ளிக்கிழமை, "ஐயோ, சுதா செத்துப் போய்விட்டாள் பாட்டி!" என்று கண் கலங்கினாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. அரைமணி கழித்துப் பார்த்தால், செத்தது வேறு கதையில் வருகிற சுதா! இரண்டு பேரும் நிம்மதியாகக் காபி குடித்தோம்.

"இத்தனையையும் எப்படியடி நினைவில் வைத்துக் கொள்கிறாய்?" என்று கேட்டேன்.

"நான் எதற்கு வைத்துக் கொள்ள வேண்டும், பாட்டி? அதுவே கூப்பிட்டுச் சொல்லும்."

அதுவே கூப்பிட்டுச் சொல்லுமாம்! எங்கள் நாளில் நாமாக அல்லவா வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது? 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' 1950-ல் ஆரம்பித்து 1954-ல்தான் முடிந்தது. பாவாடை தாவணியில் முதல் அத்தியாயம் படித்த பெண், கடைசி அத்தியாயத்தை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் படித்திருப்பாள். மணியம் போட்ட படத்தை வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் என்ன ஆகும் என்று ஊரெல்லாம் ஜோசியம் நடந்தது.

படிக்கிறவர் காத்திருந்தால் மட்டும் போதுமா? எழுதுகிறவருக்கும் ஆயுள் வேண்டும். 1954 டிசம்பரில் கல்கி மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அவர் மகள் ஆனந்திதான் அதை எழுதி முடித்தார். இங்கிலாந்து வாசகர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பன்னிரண்டு மாதப் பகுதிகளாக வரவேண்டிய கதையில் ஆறு பகுதிகளை மட்டும் எழுதிவிட்டு 1870-ல் டிக்கன்ஸ் கண்ணை மூடினார். அந்த எட்வின் ட்ரூட் என்னவானான் என்று இன்னமும் சண்டை போட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

சண்டை என்றதும் எங்கள் ஸ்டோர் ஞாபகம் வருகிறது. திருவல்லிக்கேணியில் எட்டுக் குடித்தனம், ஒரு கிணறு, ஒரு வாரப்பத்திரிகை. சந்தாவை எட்டு வீடும் பங்கு போட்டுக் கொள்ளும். வியாழக்கிழமை பத்திரிகை வந்தால் முதலில் வீட்டுக்காரர் மனைவி, பிறகு மாடிக் கமலம் மாமி, அப்புறம் வரிசையாக. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேரும்போது சனிக்கிழமை. அட்டையில் குழம்பு வாசனை இருக்கும். எல்லோரும் படித்து முடித்த பிறகு, ஆளுக்கொரு தொடர்கதையைக் கிழித்து வைத்துக் கொள்வது என்று ஏற்பாடு. ஏற்பாடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால், அம்மாவின் கதை முடிகிற பக்கத்துக்குப் பின்பக்கத்தில் கோடி வீட்டு மாமியின் கதை ஆரம்பித்துத் தொலைக்கும்! அந்த வாரம் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து கையால் எழுதிக் கொள்வார்கள். மற்றவர் இரண்டு நாள் பேசமாட்டார்.

பாட்டிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஸ்டோரில் தொடர்கதையை விடாமல் தொடர்ந்தவர் என்றால் அவர்தான். அம்மா உரக்கப் படிப்பாள். பாட்டி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார். "போன வாரம் எதில் நிறுத்தினார்கள்?" என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் பாட்டியிடம்தான் வருவார்கள். கடைசி வாக்கியத்தையே சொல்வார்.

1961-ல் என் தம்பி பிறந்தான். எனக்கு அப்போது ஐந்து வயது. அதற்கு முன் ஆறு மாதமாக அம்மாவுக்கும் பாட்டிக்கும் பேச்சு வார்த்தை நின்று போயிருந்தது. அத்தையின் கல்யாணத்துக்காக அம்மாவின் வளையல்களை அடகு வைத்தது, மீட்காதது, யாரோ யாரிடமோ ஏதோ சொன்னது... எந்த வீட்டில்தான் இல்லை? சாதம் போடுவார்கள், சாப்பிடுவார்கள், வாய் திறக்கமாட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அம்மா பத்திரிகையை எடுத்துக்கொண்டு ரேழியில் உட்காருவாள். பாட்டி முறத்தோடு வந்து எதிரே உட்காருவார். அந்த அரைமணி நேரம் ஒரு குரலாவது வீட்டில் கேட்டது.

அம்மா கோஷா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், பாட்டிக்குக் கமலம் மாமி கதை படித்தாள். மறுநாள் அந்தப் பத்திரிகை, கமலம் மாமியின் தம்பியோடு ரயிலேறிப் போய்விட்டது. திரும்பி வரவேயில்லை. சாயங்காலம் பாட்டி தூக்கில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக, "கதையில் என்ன ஆச்சு தெரியுமோ?" என்று ஆரம்பித்தாராம்.

நகைத் தகராறில் ஒரு பெண் மாமியார் வீட்டை விட்டு ராத்திரி மழையில் வெளியேறுகிற கட்டம் அது. பாட்டி சொன்னபடி, மாமியார்க்காரி ராந்தலை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடுகிறாள். "போகாதேடி" என்று கத்துகிறாள். மழையில் விளக்கு அணைந்து போகிறது. இருட்டில் பெண் எந்தப் பக்கம் போனாள் என்று தெரியாமல், நனைந்துகொண்டே திரும்பி வருகிறாள்.

மறு வருஷம் அம்மா அந்தத் தொடர்கதையைப் பைண்டு செய்தாள். காலிகோ போட்டு, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டிய கெட்டி பைண்டு. (உங்களிடம் அப்படிப் பழைய பக்கங்கள் இருந்தால், பைண்டரிடம் கொடுக்குமுன் துருப்பிடித்த பின்களை எடுத்துவிடுங்கள். செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பழுப்பாகிப் பக்கத்தையே தின்றுவிடும். அலமாரியில் இரண்டு துண்டு வசம்பு போட்டு வையுங்கள்.) விட்டுப்போன வாரத்துக்காகப் பாட்டியை மறுபடி சொல்லச் சொல்லி, கோடு போட்ட நோட்டுக் காகிதம் நாலில் எழுதி, நடுவே வைத்துத் தைக்கச் சொன்னாள். நானும் தம்பியும் அந்த நாலு காகிதத்தையும் சேர்த்துத்தான் கதையை எத்தனையோ தடவை படித்தோம்.

பாட்டி 1972-ல் போய்ச் சேர்ந்தார்.

2011-ல் ஒரு காரியமாக ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போனேன். கோட்டையூர் முத்தையா செட்டியார் ஆயுளெல்லாம் சேர்த்து வைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும் அவை. அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் 1994-ல் அவற்றை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக வைக்கச் செய்தது. அங்கே எங்கள் பத்திரிகையின் 1961-ம் வருஷத் தொகுதியைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? அந்த வாரத்தைத் தேடி எடுத்தேன்.

ராந்தலும் இல்லை, தெருமுனையும் இல்லை. மருமகள் படியிறங்கியதும் மாமியார் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறாள். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. சொல்லலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். அம்பது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறதை எதற்காகக் கலைப்பது? ஆனாலும் என் வாயில் எது நின்றது! மூன்றாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொல்லிவிட்டேன்.

அம்மா தலை நிமிரவில்லை. "எனக்குத் தெரியுமே" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அடுத்த வாரம் முன்கதைச் சுருக்கத்திலே போட்டிருந்ததே!"

பைண்டு புத்தகத்தை எடுத்து வந்து பிரித்தேன். பாட்டியின் நாலு காகிதத்துக்கு அடுத்த பக்கத்திலேயே, பொடி எழுத்தில், கட்டம் கட்டி இருக்கிறது: 'மாமியார் ஈவிரக்கமின்றிக் கதவைத் தாழிட்டாள்.' கதையைச் சேர்ந்தாற்போலப் படிக்கிறவர்கள் முன்கதைச் சுருக்கத்தை எங்கே பார்க்கிறார்கள்? நான் பார்த்ததேயில்லை.

"பாட்டிக்குப் படிச்சுக் காட்டும்போது என்ன செய்தே?"

"சுருக்கத்தை விட்டுட்டுப் படிச்சேன்."

"அப்புறம் எதுக்காக மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டே?"

"முதல் தடவை சொன்னபோது ராந்தல் மட்டும்தான் இருந்தது," என்றாள் அம்மா. "இரண்டாம் தடவை குடையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்."